கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?



கடையில் தீப்பிடித்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவீர்கள் என்று அந்தக் காலத்து வியாபாரிகளைக் கேட்டால், கல்லாப்பெட்டி என்று சொல்லமாட்டார்கள். பேரேடு என்றுதான் சொல்வார்கள். கல்லாவில் இருப்பது அன்றைய வசூல். பேரேட்டில் இருப்பது ஊரெல்லாம் நமக்கு வரவேண்டியதும், நாம் பிறருக்குக் கொடுக்கவேண்டியதும்.

இன்று அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பில் போடுகிறோம், ஆடிட்டருக்கு அனுப்புகிறோம், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறோம். ஆனால் நம் கணக்கு எந்தக் கோப்பில், எந்த வடிவத்தில் இருக்கிறது, நாளைக்கு அதை வேறொருவர் திறந்து படிக்க முடியுமா என்பதை நம்மில் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. அண்மையில் கடைக்கு வந்த நண்பர் ஒருவர், "காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் நல்லதா, சும்மா கிடைக்கும் திறமூல மென்பொருள் நல்லதா அண்ணாச்சி?" என்று கேட்டார். எங்கள் அனுபவத்தையும், பிள்ளைகளிடமும் ஆடிட்டரிடமும் கேட்டு அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு நேர்ந்தது

விருதுநகரில் பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எங்கள் தகப்பனார் காலத்தில் கணக்குப்பிள்ளை ஒருவர் குறிப்பேடும் பேரேடும் எழுதி வந்தார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் வயதாகி நின்றபோது, அடுத்து வந்தவர் அதே பேரேட்டை விரித்து அடுத்த வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். கணக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

2002-ல் கம்ப்யூட்டர் வாங்கினோம். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் கணக்கு மென்பொருள் வாங்கினோம். வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலேயே அடிக்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். கம்ப்யூட்டரின் பின்புறம் பிரிண்டர் மாட்டும் இடத்தில் ஒரு சிறு பூட்டுக்கட்டையைச் செருகவேண்டும். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். 12 ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2014-ல் அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. கணக்குக் கோப்புகளை வாரந்தோறும் சி.டி.யில் எழுதி வைத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பூட்டுக்கட்டை செருகும் இடமே அதில் இல்லை. பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறவும் இல்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தால் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஆள் அனுப்பிப் பார்த்தோம். அந்த முகவரியில் வேறு கடை இருந்தது.

விவரம் தெரிந்த தம்பி ஒருவரை அழைத்துவந்து கோப்புகளை வேறு வழியில் திறந்து பார்த்தோம். எண்கள் அரைகுறையாகத் தெரிந்தன. பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடந்தன. அந்த நிறுவனம் தனக்கென்று தனியாக ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்ததுதான் காரணம். அந்த நாளில் கம்பெனிக்கு ஒரு எழுத்துரு. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளைக் கொண்டுவந்தது. 2010-ல் உலகப் பொதுவான யூனிகோடை ஏற்றது. எங்கள் கணக்கு இவை எதிலும் இல்லை.

கடைசியாகத் தாளில் அச்சிட்ட பாக்கிப் பட்டியல் 5 மாதத்துக்கு முந்தியது. வேறு வழியின்றி அதை வைத்தே வசூலுக்கு ஆள் அனுப்பினோம். 20 ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கிராமத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் பெயரில் 46,000 ரூபாய் பாக்கி என்று தாளில் இருந்தது. "மாசியிலேயே கட்டி முடித்துவிட்டேனே தம்பி" என்று எங்கள் ஆளிடம் சொன்னவர், மறுநாள் தம் சிட்டை நோட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மூன்று தவணையாகக் கட்டியிருந்தார். தேதி, தொகை, எங்கள் கணக்கரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. தவறு எங்களுடையது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தோம். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் சரக்கு எடுப்பது குறைந்து, ஒரு வருடத்தில் நின்றே போனது.

மற்றவர்களிடம் அவரவர் சொன்ன தொகையை ஏற்றுக்கொண்டோம். அதில் நட்டம் எவ்வளவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கோப்பு சி.டி.யில் பத்திரமாக இருந்தது, கணக்குத்தான் இல்லை.

மூடியது எது, திறந்தது எது?

மென்பொருள் என்பது கம்ப்யூட்டர் என்னென்ன செய்யவேண்டும் என்று மனிதர் எழுதிவைக்கும் செய்முறை. அப்படி எழுதிய மூலப் பிரதியை மூல நிரல் என்கிறார்கள்.

பாக்கெட் சாம்பார்ப் பொடியை எடுத்துக்கொள்வோம். பொடி நமக்குக் கிடைக்கிறது. எந்தச் சரக்கு எத்தனை பங்கு, எதை எவ்வளவு வறுப்பது என்ற பக்குவம் கம்பெனிக்கு மட்டுமே தெரியும். கம்பெனி மூடினால் அந்தப் பக்குவமும் போயிற்று. இது மூடிய மென்பொருள். டேலி, மைக்ரோசாப்ட் எக்செல் போன்றவை இந்த வகை.

பொடியோடு பக்குவத்தையும் எழுதிக் கொடுத்து, "நீங்களும் அரைக்கலாம், மாற்றலாம், விற்கலாம்" என்று அனுமதியும் கொடுத்தால் அது திறமூல மென்பொருள். எக்செல் வேலையைச் செய்யும் லிப்ரே ஆபிஸ், வரவு செலவு எழுதும் குனூகேஷ், மும்பை நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஆகியவை இந்த வகை.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே உள்ளன.

முதலாவது, "திறந்தது என்றால் நம் கணக்கை எல்லோரும் பார்த்துவிடுவார்களே" என்பது. அப்படியல்ல. திறந்திருப்பது செய்முறைதான், அதில் நாம் எழுதும் கணக்கு அல்ல. திண்டுக்கல் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பூட்டு செய்கிறவர் எல்லோருக்கும் தெரியும். அதனால் நம் கடைப் பூட்டை அவர்கள் திறந்துவிட முடியாது. சாவி நம் இடுப்பில் இருக்கிறது.

இரண்டாவது, "திறமூலம் என்றால் செலவே இல்லை" என்பது. பெரும்பாலும் மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால் அதை ஏற்றி, நம் கடைக்கு ஏற்றபடி அமைத்து, கோளாறு வந்தால் பார்க்கிறவருக்குக் கூலி உண்டு. சும்மா கிடைத்த மாட்டுக்கும் தீவனம் போட்டாகவேண்டும்.

மூடிய வகையின் நன்மைகள்

மூடிய மென்பொருளை நாங்கள் பழிக்க வரவில்லை. இன்றும் எங்கள் கடையில் பில் போடுவது அதில்தான்.

விற்றவர் யார் என்று தெரியும். கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு. போன் செய்தால் ஆள் வருகிறார். நம் ஊர்க் கணக்கர்கள் அதில் பழகியிருக்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்திலும் அதுவே இருப்பதால் கோப்பை அப்படியே அனுப்ப முடிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் போன்றவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. அப்படிப்பட்ட நாளில் முதல் பில் போடுவதற்குள் விகிதம் மாறியிருக்கவேண்டும். அந்த வேலையைப் பார்த்துக்கொடுக்க ஒருவர் இருப்பது பெரிய உதவி. குனூகேஷ் நல்ல கணக்கேடுதான். ஆனால் நம் ஜி.எஸ்.டி.க்கென்று செய்யப்பட்டதல்ல. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் ஜி.எஸ்.டி.க்குத் தனி இணைப்பு உண்டு; ஆனால் அதை அமைத்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும்.

விற்றவர் கடையை மூடினால்?

எங்களுக்கு நேர்ந்தது சிறு நிறுவனத்தால் என்று நினைக்கவேண்டாம். பெரிய நிறுவனங்களும் ஒரு நாட்டில் வியாபாரம் போதும் என்று முடிவு செய்வதுண்டு. அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனம் தன் குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளை இந்தியாவிலும் நடத்தி வந்தது. கணக்கு முழுவதும் இணையத்தின் வழியே அவர்களிடம் இருக்கும். 2022-ல் அறிவிப்புக் கொடுத்து, 2023-ல் இந்தியச் சேவையை நிறுத்திக்கொண்டது. முன்கூட்டியே சொல்லி, கணக்கை எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தது. அது முறையான செயல்தான். ஆனாலும் அதை நம்பியிருந்த ஒவ்வொரு வியாபாரியும், நல்ல வியாபார நாளில், கணக்கைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் தேடவேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்க ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளை உலகமெங்கும் பலர் பயன்படுத்தினார்கள். 2014 மே மாதம் அதைச் செய்தவர்கள் திடீரென்று "இனி இல்லை" என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் மூல நிரல் வெளியே இருந்தது. அதைக்கொண்டு வேறொருவர் 2013-லேயே வெராகிரிப்ட் என்ற பெயரில் வேலையைத் தொடங்கியிருந்தார். ட்ரூகிரிப்டில் பூட்டிய பழைய கோப்புகளை அதில் திறக்க வழி இருந்தது. கடை மூடினாலும் பக்குவம் ஊரில் இருந்ததால் பிழைத்தார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை போனபின் அடுத்தவர் பேரேட்டைத் தொடர்ந்து எழுதியதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

திறந்ததாலேயே பத்திரமா?

திறமூலத்தை ஆதரிப்பவர்கள், "எல்லோரும் பார்ப்பதால் தப்பு நடக்காது" என்பார்கள். இதை அப்படியே நம்பக்கூடாது.

இணையத்தில் போகும் செய்தியைப் பூட்டி அனுப்ப ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற திறமூல மென்பொருள் பரவலாக இருக்கிறது. 2012-ல் அதில் நுழைந்த ஒரு பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் அந்த நிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்பது வேறு, யாராவது பார்த்தார்களா என்பது வேறு.

2024 மார்ச் மாதம் நடந்தது இன்னும் வியப்பானது. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இஸட். என்ற சிறிய திறமூல மென்பொருளில், உதவி செய்வதுபோல் நீண்ட காலம் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், கள்ளவழி ஒன்றைச் செருகிவிட்டார். ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், வழக்கமாக உடனே நடக்கும் வேலை அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. தராசு முள் ஒரு நூல் சாய்வதைக் கண்டு சந்தேகப்படும் வியாபாரியைப் போன்றவர் அவர். மூல நிரல் வெளியே இருந்ததால்தான் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் திறந்திருந்தும் பயனில்லை.

நம் கணக்கை நாமே நிரூபிக்க முடியாவிட்டால்?

இங்கிலாந்தில் நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே மளிகைக்கடைக்குள்ளேயே ஒரு பக்கம் கிளை அஞ்சலகம் நடத்துவது வழக்கம். 1999 முதல் அந்தக் கிளைகளில் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வைக்கப்பட்டது. பியூஜிட்சு நிறுவனம் நடத்திய மூடிய மென்பொருள் அது. மாலையில் கணக்கு முடித்தால், கல்லாவில் இருக்கவேண்டியதைவிடப் பணம் குறைகிறது என்று திரையில் வரும். கடைக்காரர் எண்ணி எண்ணிப் பார்த்தாலும் எங்கே குறைந்தது என்று தெரியாது. ஒப்பந்தப்படி குறைந்ததை அவரே கட்டவேண்டும். பலர் சேமிப்பை எடுத்தும், கடன் வாங்கியும் கட்டினார்கள். "கம்ப்யூட்டர் தப்பு செய்யாது" என்றே அஞ்சலக நிர்வாகம் சொல்லி வந்தது.

1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்டோர் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் நடந்தன. கர்ப்பிணியாக இருந்த கடைக்காரப் பெண்மணி ஒருவர் 2010-ல் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஊரில் தலைகாட்ட முடியாமல் போனவர்களும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தபின், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து அவர் கணக்கை மாற்றவும் முடியும் என்பதும் வெளிவந்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. 2024-ல் மற்றவர்களின் தண்டனைகளையும் ரத்து செய்ய நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது.

மூல நிரல் திறந்திருந்தால் மட்டுமே இது நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. நிர்வாகத்தின் பிடிவாதம் பெரிய காரணம். ஆனால் அந்தக் கடைக்காரர்களின் கையில் தங்கள் கணக்கின் தனிப் பிரதி இல்லை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. எங்கள் கிராமத்து வாடிக்கையாளரிடம் ஒரு சிட்டை நோட்டு இருந்தது. அதை வைத்து எங்கள் தாளில் இருந்தது தவறு என்று அவரால் காட்ட முடிந்தது.

சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது?

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். 2023 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டின் கணக்குக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31. ஆக அந்த ஒரு பில், ஏழரை ஆண்டுக்கு மேல் படிக்கும் நிலையில் இருக்கவேண்டும். மேல்முறையீடு இருந்தால் காலம் இன்னும் நீளலாம்.

ஜி.எஸ்.டி. விதிகளில் 57-வது விதி கம்ப்யூட்டர் கணக்குக்கென்றே உள்ளது. விபத்தாலோ இயற்கைச் சேதத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்கவேண்டும் என்கிறது. அதிகாரி கேட்டால் தாளிலோ, கம்ப்யூட்டரில் படிக்கத்தக்க வடிவிலோ கொடுக்கவேண்டும். கோப்பின் கடவுச்சொல்லையும், அதில் உள்ள குறியீடுகளுக்கு விளக்கத்தையும் கேட்டால் தரவேண்டும் என்கிறது. "மென்பொருள் கம்பெனி மூடிவிட்டது, திறக்க முடியவில்லை" என்பது அங்கே பதிலாகாது. கணக்கு வைத்திருக்கும் பொறுப்பு நம் பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் முடிவு

பில் போடவும் அன்றாடக் கணக்குக்கும் எந்த வகை வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கைச் சேமித்து வைப்பது, எவருடைய மென்பொருளையும் நம்பி இராத பொது வடிவத்தில் இருக்கவேண்டும். கேட்கவேண்டிய கேள்வி, "விலை எவ்வளவு?" என்பதற்கு முன்னால், "என் கணக்கு முழுவதையும் நானே வெளியே எடுக்க முடியுமா?" என்பதுதான்.

பொது வடிவம் என்று நாங்கள் சொல்வது முக்கியமாக இரண்டு. ஒன்று சி.எஸ்.வி. கோப்பு. தேதி, பெயர், தொகை இவற்றை நடுவில் காற்புள்ளி போட்டு வரிவரியாக எழுதியதுதான் அது. எந்தக் கம்ப்யூட்டரிலும், ஒரு சாதாரண எழுத்து மென்பொருளில்கூட, திறந்து படிக்கலாம். மற்றொன்று பி.டி.எப். இது 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது. 2008-ல் உலகத் தர அமைப்பின் பொதுத் தரமாகிவிட்டது. சி.எஸ்.வி. கணக்குப் போட உதவும், பி.டி.எப். அச்சிட்ட தாளைப்போல் பார்க்க உதவும்.

மென்பொருள் வாங்குமுன், வரும் விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. சுருக்க அறிக்கை மட்டுமன்றி, ஒவ்வொரு பில்லும், ஒவ்வொரு வரவும் சி.எஸ்.வி. அல்லது எக்செல் கோப்பாக வெளியே வருமா? வாயால் சொல்வது போதாது; அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கைப் படிக்கவாவது முடியுமா?

3. கணக்கு நம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா, அவர்களிடம் இருக்கிறதா? அவர்களிடம் என்றால், நிறுத்தும்போது எத்தனை நாள் அவகாசம் தருவார்கள்?

4. முதன்மைக் கடவுச்சொல் யாரிடம்? நமக்குத் தெரியாமல் அவர்கள் உள்ளே போக முடியுமா?

5. தமிழில் அடிப்பது யூனிகோடா? இதைக் கேட்க மறக்கவேண்டாம். நாங்கள் மறந்ததன் பலனை மேலே எழுதியிருக்கிறோம்.

மாதந்தோறும் நாங்கள் செய்வது

மாத முடிவில் விற்பனை, கொள்முதல், பேரேடு, சரக்கு இருப்பு, பாக்கிப் பட்டியல் ஆகிய ஐந்தையும் சி.எஸ்.வி.யாகவும் பி.டி.எப். ஆகவும் எடுக்கிறோம். மென்பொருள் தானே எடுக்கும் காப்பு நகலையும் சேர்த்து வைக்கிறோம். அதே மென்பொருளில் மீண்டும் ஏற்ற அதுதான் சுலபம். மென்பொருளே இல்லாமல் போனால் சி.எஸ்.வி. காப்பாற்றும்.

நகல் இரண்டு. ஒன்று கடையில் பென் டிரைவில், மற்றொன்று வீட்டுப் பீரோவில் ஹார்டு டிஸ்கில். நகல் எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுகிறோம். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய வைரஸ் வந்தால், செருகியே இருக்கும் நகலும் சேர்ந்து பூட்டப்பட்டுவிடும்.

பென் டிரைவ் தொலைந்தால் பிறர் கையில் கணக்கு போகக்கூடாது என்று வெராகிரிப்டில் பூட்டுகிறோம். இதில் எச்சரிக்கை வேண்டும். கடவுச்சொல் மறந்தால் எவராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டிலும் பங்காளியிடமும் அது இருக்குமிடம் சொல்லியிருக்கிறோம். நமக்கு ஒன்று ஆனால் பிள்ளைகள் தேடி அலையக்கூடாது.

சி.எஸ்.வி. எடுக்கும்போது இரண்டு கவனம் தேவை. ஒன்று, யூ.டி.எப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் குழம்பிப்போகும். மற்றொன்று, அந்தக் கோப்பை எக்செலில் நேராகத் திறந்து அதன் மேலேயே சேமித்துவிடக்கூடாது. பருப்பின் எச்.எஸ்.என். எண் 0713, வத்தலுக்கு 0904, மல்லிக்கு 0909. எக்செல் அந்த முன்பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு 713, 904, 909 என்று ஆக்கிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, பார்ப்பதற்கு வேறொரு நகலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கிறார்கள். தராசுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை. தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்றே பார்க்கிறார்கள். நகலையும் அப்படிச் சோதிக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த மென்பொருளே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில், எங்கள் அண்ணன் மகனின் லேப்டாப்பில், பென் டிரைவைச் செருகி லிப்ரே ஆபிஸில் திறந்து பார்க்கிறோம். ஏதாவது ஒரு வாடிக்கையாளர் பெயரைச் சொல்லி, அவர் பாக்கியைக் கூட்டச் சொல்கிறோம். கடைக் கணக்கோடு ஒத்துப்போனால் நகல் நல்ல நகல். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணவே கூடாது. எங்கள் சி.டி.களை 12 ஆண்டுகளில் ஒருமுறையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருந்தால், 2014-ல் அந்தப் பாடு பட்டிருக்கமாட்டோம்.

மார்ச் 31 அன்று பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிக் கையெழுத்து வாங்கி வைப்பதையும் தொடங்கியிருக்கிறோம். நம் பெரியவர்கள் செய்துவந்ததுதான் இது. கம்ப்யூட்டர் வந்ததும் நாமே விட்டுவிட்டோம்.

இந்த மாதக் கணக்கு முடிக்கும் அன்று அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் மென்பொருளிலிருந்து பாக்கிப் பட்டியலை சி.எஸ்.வி.யாக எடுக்கச் சொல்லி, அதைப் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், விற்றவர் இன்னும் கடை வைத்திருக்கும்போதே போய்க் கேளுங்கள்.